அப்பப்பாவின் பெட்டியில் இருந்த மூன்று கருவிகள்

சென்ற ஆண்டின் கடைசியில் ரொறன்ரோவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். ஒரு காலத்தில் கொழும்பில் என்னோடு ஒரே பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்த ஒருவரின் பேரன். "அப்பப்பா உங்களைப் பற்றிக் கதைப்பார்" என்று அறிமுகம் செய்துகொண்டு, மூன்று புகைப்படங்களை இணைத்திருந்தார். பாட்டனார் காலமாகிச் சில ஆண்டுகள் கழிந்தபின், வீடு மாறும்போது அவருடைய பழைய தகரப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். வேட்டி, அடையாள அட்டை, சில கடிதங்கள் ஆகியவற்றின் அடியில் துணியிற் சுற்றி மூன்று பொருட்கள் இருந்தனவாம். அவை எவையென்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. உங்களுக்காவது தெரியுமா என்பதே கேள்வி.

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக அரசியலையும் பத்திரிகைத் தொழிலையும் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை இந்தப் பொருட்களைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியிற் சொல்கிறேன். இதனை எழுத அந்த இளைஞரும் அவருடைய தந்தையாரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர்கள் வேண்டாம் என்பது என்னுடைய முடிவு.

முதற் படத்தில் இருந்தது துருப்பிடித்த தட்டையான இரும்பு அலகு. முனை அகன்றது. பின்புறம் ஒடுங்கி ஒரு கட்டை மரப்பிடிக்குள் செருகப்பட்டிருந்தது. பிட்சா திருப்பும் கருவியாக இருக்கலாம் என்று வீட்டுப் பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிவன் கோயிலில் நாயன்மார் வரிசையில் அப்பர் சுவாமிகளின் திருவுருவத்தைப் பார்த்தவர்களுக்கு இதை அடையாளங் காண்பது கடினமில்லை. அவர் தோளிற் சாய்த்திருப்பது இதன் நீண்ட பிடி போட்ட வடிவம். உழவாரம். ஏழாம் நூற்றாண்டில் கோயில் வீதிகளின் புல்லை அகற்றியவரின் கையில் இருந்த கருவி, எங்கள் காலம்வரை யாழ்ப்பாணத்து வளவுகளில் புல்லுச் செருக்குவதற்குப் பயன்பட்டது. அலகின் ஒரு மூலை மற்றதைவிடத் தேய்ந்திருந்தது. குந்தியிருந்து ஒரே பக்கமாகச் செருக்கியவரின் கை அந்தத் தேய்வில் தெரிகிறது. "உங்கள் அப்பம்மா ஆட்டுக்குப் புல்லுச் செருக்கியிருப்பார்" என்று எழுதினேன். அப்பம்மா ஆடு வளர்த்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியுமென்று பதில் வந்தது.

இரண்டாவது படத்தைக் கண்டதும் என் கை தானாக மடங்கியது. ஏறக்குறைய ஒரு சாண் நீளமான, ஒரு பக்கம் திறந்த உலோகத் தட்டு. அதற்குள் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு தடுப்பு. அதை இறுக்க ஒரு திருகு. தச்சுத் தொழிலாளரின் அளவுகருவி என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது அச்சுக்கோப்பாளரின் ஸ்ரிக். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வேறு தமிழ்ப் பெயர் அதற்கு வழங்கியதாக எனக்கு நினைவில்லை.

இன்றைய வாசகர்களுக்காக அதன் வேலையைச் சொல்ல வேண்டும். பத்தியின் அகலத்துக்கு ஏற்பத் தடுப்பை நகர்த்தி இறுக்குவார்கள். ஸ்ரிக்கை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் அறைகள் வகுத்த பெட்டியிலிருந்து ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார்கள். எழுத்துக்கள் தலைகீழாக, இடமிருந்து வலமாக நிற்கும். ஒவ்வோர் எழுத்தின் உடலிலும் ஒரு சிறு வெட்டு இருக்கும். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று விரலாலேயே தடவி அறிந்து கண்ணால் பார்க்காமல் அடுக்குவார்கள். கடைசியாக வைத்த எழுத்து விழாமல் இடது பெருவிரல் தாங்கிக்கொண்டு வரும். வரி நிரம்பியதும் சொற்களுக்கிடையே வெள்ளிகளைச் சேர்த்தோ குறைத்தோ இறுக்குவார்கள். சில வரிகள் சேர்ந்ததும் அப்படியே தூக்கிக் கலியில் வைப்பார்கள். ஆங்கில எழுத்துப் பெட்டியைப் போலன்றித் தமிழுக்கு அறைகள் மிக அதிகம். அத்தனை அறைகளும் அவர்களுடைய கைக்கு மனப்பாடம்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க மிஷனரிமாரின் 'உதயதாரகை' 1841 இல் வெளிவரத் தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். 1959 இல் தொடங்கிய 'ஈழநாடு' 1981 இல், யாழ். நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் தீக்கிரையானது. எழுதியவர்களின் பெயர்களும் பதிப்பித்தவர்களின் பெயர்களும் நூல்களில் இருக்கின்றன. ஸ்ரிக் ஏந்தி நின்றவர்களின் பெயர்களைத் தேடினால் அரிதாகவே கிடைக்கும்.

படத்தில் இருந்த ஸ்ரிக்கின் விளிம்பில் பெருவிரல் படும் இடம் வழுவழுப்பாக மெலிந்திருந்தது. அந்தப் பெருவிரலை நான் அறிவேன். 1970களின் நடுப்பகுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் கட்டுரை ஒன்றில் 'அறம்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'அரம்' என்று எழுதிவிட்டேன். அவர் தாளைக் கையிலே பிடித்தபடி என் மேசைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாக அல்லாமல், மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இது இரும்பு ராவிற அரமோ, இல்லாட்டி வள்ளுவற்றை அறமோ?" அன்று தொடங்கி இன்றுவரை ரகர றகரம் எழுதும்போதெல்லாம் அவர் நினைவுக்கு வருவார். எங்களுடைய கிறுக்கல்களை முதலில் வாசித்தவர்கள் அவர்கள்தான். ஆசிரியருக்குத் தப்பிய பிழைகள் அவர்களுடைய கைக்குத் தப்பவில்லை. பின்னர் கணினி வந்தது. ஈய எழுத்துக்கள் நிறுத்துப் பழைய இரும்புக்காரரிடம் போயின. அவர் தன் ஸ்ரிக்கை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்பதை இந்தப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

மூன்றாவது படத்தில் எனக்குத் தோல்வி. சற்றுப் பருமனான ஒரு மரத்துண்டு. ஒரு சாணுக்கு மேல் நீளம். வைரம் பாய்ந்த மரம். ஒரு நுனியில் துளையிட்டுக் கயிறு கோத்த அடையாளம். மறு நுனியில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து பளபளத்தது. வேறு எந்த வேலைப்பாடும் இல்லை. மருந்து இடிக்கும் உலக்கையோ? இடிக்கும் உலக்கை நுனியில் தேயும், பக்கத்தில் தேயாது. மத்தின் உடைந்த பிடியோ? அதற்குப் பாரம் அதிகம். அச்சுக்கூடத்தில் எழுத்துக்களைத் தட்டிச் சமப்படுத்தும் கட்டையோ என்றும் யோசித்தேன். அந்தக் கட்டையின் முகம் அகன்று தட்டையாக இருக்கும். இது உருண்டை.

இத்தகைய பொருட்களை அடையாளங் காண்பவர்கள் சில ஒழுங்குகளைக் கைக்கொள்வார்கள். முதலாவது, துடைக்கக்கூடாது. துருவும் கறையும் சாட்சிகள். இரண்டாவது, கருவியின் வடிவத்தைப் பார்க்குமுன் அதன் தேய்வைப் பார்க்க வேண்டும். செய்தவர் என்ன நினைத்தார் என்பதை வடிவமும், பயன்படுத்தியவர் என்ன செய்தார் என்பதைத் தேய்வும் சொல்லும். மூன்றாவது, அது எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்று கேட்க வேண்டும். நான்காவது, தயாரிப்பாளரின் முத்திரை உண்டா என்று தேட வேண்டும். ஊர்க் கொல்லரும் தச்சரும் செய்தவற்றில் முத்திரை இராது. ஐந்தாவதும் முக்கியமானதும், அதைப் பிடித்து வேலை செய்தவர் எவரேனும் உயிரோடிருந்தால் அவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நான் முதல் நான்கையும் செய்துவிட்டு, ஐந்தாவதை எங்கே செய்வது என்று தெரியாமல் இரண்டு மாதம் இருந்தேன். நூல்களைப் பார்த்தேன். படித்த நண்பர்கள் பலருக்குப் படத்தை அனுப்பினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு பொறியியலாளர், இரண்டு எழுத்தாளர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொன்னார்கள். இந்த ஆண்டு தொடக்கத்தில் ஊருக்குப் போனபோது, உறவினர் வீட்டு வேலி அடைக்க வந்திருந்த முதியவர் ஒருவரிடம் தற்செயலாகக் கைத்தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். என்னிலும் சில வயது மூத்தவர். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"உது பாளை தட்டிற பொல்லெல்லோ ஐயா! உதை ஏன் கனடாவுக்குக் கொண்டு போனவை?"

அவர் நாற்பது ஆண்டுகள் சீவல் தொழில் செய்தவர். மாலையில் தன் வீட்டுக்குக் கூட்டிச்சென்று தன்னுடையதைக் காட்டினார். அதே நீளம், அதே துளை, அதே பக்கத்தில் அதே தேய்வு. பனையில் ஏறும்போது இடுப்பில் தொங்கவிடுவதற்குத்தான் துளையும் கயிறும். பாளை விரியுமுன் அதைக் கட்டி, நாளாந்தம் இந்தப் பொல்லால் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, பின்னர் பாளைக்கத்தியால் நுனியை மெல்லிதாகச் சீவிவரச் சாறு சுரக்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிவைத்தால் அது கருப்பநீர். பூசாவிட்டால் கள். இவ்வளவும் எனக்கு முன்னரே ஏட்டளவில் தெரியும். தெரியாதிருந்ததை அவர் சொன்னார்: "கூடத் தட்டினால் பாளை வெம்பிப் போம். குறையத் தட்டினால் சுரக்காது. எவ்வளவு எண்டு கைக்குத்தான் தெரியும். என்ரை மோனுக்குச் சொல்லிக் குடுக்கப் பாத்தனான். அவன் வரேல்லை. நல்லதுதான்."

பொல்லை என் கையில் தந்தார். பாரம் முழுவதும் நுனியில் நின்றது. இரண்டு மாதமாகப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தும் எனக்குப் பிடிபடாதது, கையில் வாங்கிய ஒரு நொடியில் விளங்கியது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. பெட்டியில் இருந்த மூன்றும் ஒரு குடும்பத்தின் மூன்று கைகள். புல்லுச் செருக்கிய மனைவி. எழுத்துக் கோத்த கணவன். அப்படியானால் பாளை தட்டியது யார்? என் நண்பரோடு பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் வேலை செய்தேன். ஒரே கடையில் தேத்தண்ணீர் குடித்தேன். தகப்பனார் என்ன தொழில் செய்தார் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நான் கேட்டதுமில்லை என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், யாழ்ப்பாணத்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது கேட்கும் அந்தக் கேள்வியை நானும் கேட்டேன்: "ஊரிலை எவடம்?"

வெளியார் காதுக்கு இது சாதாரணமான கேள்வி. ஊரின் பெயரைச் சொன்னபிறகும், எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை, யாருடைய வளவுக்குப் பக்கம் என்று அது உள்ளே உள்ளே போகும். அது எதைத் தேடிப் போகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அவர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு, "சின்னனிலேயே கொழும்புக்கு வந்திட்டன்" என்று சிரித்துக்கொண்டு ஸ்ரிக்கை எடுத்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்பும் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் உள்ளே செல்வதற்குப் போராட வேண்டியிருந்தது. அந்த இலவசக் கல்வியைப் பிடித்து மேலே வந்த ஒரு தலைமுறையின் பிள்ளை என் நண்பர். தகப்பனாரின் பொல்லைப் பெட்டியின் அடியில் வைத்துக் காத்தவர், அதைப் பற்றி வாய் திறக்காமலே போய்விட்டார்.

பேரனுக்கு உண்மையை எழுதுவதா? என் ஊகம் பிழையாகவும் இருக்கலாம். சரியாக இருந்தாலோ, அவர் மறைத்ததை வெளியிட நான் யார்? கருவி எதுவென்று தெரியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் விடயம் முடிந்துவிடும். ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில், தெரியாது என்று எழுதுவதும் அதே கேள்வியின் இன்னொரு வடிவம் என்று தோன்றியது. மறைக்கவேண்டிய தொழில் அது என்று நானும் கையெழுத்து வைப்பதாகிவிடும். கருவியின் பெயரையும் அது செய்யும் வேலையையும் அந்த முதியவர் சொன்னவற்றையும் எழுதினேன். யாருடையது என்பதைத் தந்தையாரிடம் கேட்கும்படி மட்டும் குறிப்பிட்டேன்.

நான்கு நாள் கழித்துத் தந்தையாரே தொலைபேசியில் பேசினார். முதலில் சற்றுக் கோபம் இருந்தது. பின்னர் நெடுநேரம் கதைத்தார். தன் பாட்டனார் பனையிலிருந்து விழுந்து காலொடிந்தபின், தன் தகப்பனாரைப் பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாராம். "அப்பா உதைப் பற்றி எங்களோடை கதைச்சதே இல்லை. ஆனால் 1995 இலை சாவகச்சேரிப் பக்கம் ஓடேக்கையும் அந்தத் துணிப் பொட்டலத்தை விடேல்லை" என்றார். வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளியேறிய அந்த ஒக்டோபர் மாதத்தில் எங்களிற் பலர் நகையையும் உறுதிகளையும் சுமந்துகொண்டு போனோம். அவர் மேலும் ஒன்றைச் சுமந்திருக்கிறார்.

இனி நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன். பழைய கைக்கருவிகளைச் சேகரிப்பது உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்காவில் ஹென்றி மேர்சர் என்பவர் 1897 இல் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் குவிந்து கிடந்த கருவிகளைக் கண்டு, ஒரு காலத்தின் உழைப்பு முழுவதும் குப்பையாகப் போகிறதே என்று சேர்க்கத் தொடங்கினார். அவருடைய அருங்காட்சியகம் 1916 இல் பென்சில்வேனியாவில் திறக்கப்பட்டது. நம்மவரான ஆனந்த குமாரசுவாமி கண்டிப் பிரதேசக் கைவினைஞர்களிடம் நேரிற் சென்று, அவர்களுடைய கருவிகளையும் வேலைமுறைகளையும் கேட்டெழுதி 1908 இல் பெருநூலாக வெளியிட்டார்.

நாங்களும் இப்போது சேர்க்கிறோம். யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் மரபுரிமை விழாக்கள் நடக்கின்றன. பாக்குவெட்டி, எழுத்தாணி, திருவலை, கொட்டப்பெட்டி ஆகியன மேசைமேல் வெள்ளைத் துணியில் அடுக்கப்படுகின்றன. நல்ல காரியம். ஆனால் அந்த மேசையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். வீட்டின் உள்ளே இருந்த பொருட்களே பெரும்பாலும் அங்கே இருக்கும். வீட்டுக்குள் வர அனுமதிக்கப்படாதவர்களின் கையில் இருந்த கருவிகள் அரிதாக இருக்கும். இருந்தாலும் 'பழைய மரக் கருவி' என்று எழுதியிருக்கும். எழுதத் தெரிந்தவர்கள் அவற்றைப் பிடித்ததில்லை. பிடித்தவர்களுக்கு எழுத்தை நாங்கள் நெடுங்காலம் மறுத்தோம். ஒரு கருவி 'மர்மப் பொருள்' ஆவது காலத்தால் மட்டுமல்ல. நான் படித்தவர்களிடம் இரண்டு மாதம் கேட்டலைந்த பொருள், வேலி அடைக்க வந்தவருக்கு மர்மமே அல்ல.

தன் தொழிலை மறைக்காதவர்களும் எங்களிடையே வாழ்ந்தார்கள். முடிதிருத்தும் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966 இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, தன் தொழிலைப் பெருமையோடு சொல்லிக்கொண்டே பல தசாப்தங்கள் நடத்தினார். 2021 இல் மறைந்தார். எல்லோருக்கும் அந்தத் துணிவு வாய்ப்பதில்லை. அந்தத் துணிவை ஒருவரிடம் எதிர்பார்க்கும் நிலையில் ஒரு சமூகம் அவரை வைத்திருப்பதே குற்றம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. மரபுரிமைச் சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு கருவிக்கும் பேச்சுவழக்கில் அதற்குரிய பெயர், அதைப் பிடித்தவர், அதைப் பிடித்து அசைக்கும் விதம் ஆகிய மூன்றையும் பதிவு செய்யுங்கள். அசைவை எழுத முடியாது. ஒளிப்பதிவு செய்யுங்கள். சீவல் தொழிலாளர், கொல்லர், குயவர், கடற்றொழிலாளர், கூலி உழவர் ஆகியோரில் முதியவர்களை விழா மேடைக்கு முன்னால் உட்காரவைத்துப் பொன்னாடை போர்ப்பதோடு நின்றுவிடாமல், கருவிகளை அவர்கள் கையில் கொடுத்துக் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்திருக்கும் காலம் பத்து ஆண்டுகளுக்கு மேல் இராது. 2009 இன் பின்னர் பழைய இரும்பு வாங்கும் லொறிகள் வன்னியெங்கும் திரிந்தபோது எத்தனை கருவிகள் நிறுவையிற் போயின என்பதை நினைத்தால் பத்து ஆண்டுகளும் அதிகம்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களும் தங்கள் வீட்டு நிலவறைகளில் இருக்கும் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பெயர் தெரியாத பொருள் இருந்தால் எறியாதீர்கள், மினுக்காதீர்கள். அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுங்கள். நிறுத்துப் பாருங்கள். வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லாமல் விட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். பொறுமையாக, மரியாதையாக, இன்னொரு நாள் கேளுங்கள்.

ரொறன்ரோ இளைஞர் சென்ற வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். வீட்டு முன்னறையில் ஒரு தட்டு. அதில் உழவாரம், ஸ்ரிக், பொல்லு மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு அட்டை. இப்போது தமிழ் எழுதப் பழகுகிறாராம். எழுத்துக்கள் கோணலாக இருக்கின்றன. மூன்றாவது அட்டையில் 'பாளை தட்டும் பொல்லு' என்றும், அதன் கீழே பூட்டனாரின் பெயரும் இருந்தன. பிழை எதுவும் இல்லை.